தலைகீழாய் நீந்திய அன்னம்

செவிலிமேட்டில் எங்கள் எதிர்வீட்டில் நிவேதா என்று ஒரு பெண் இருக்கிறாள். கம்ப்யூட்டர் வேலை. காலையில் டவுன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். என்னை ஆன்ட்டி என்று கூப்பிடுவாள். எழுபதைத் தாண்டியவளை ஆன்ட்டி என்று கூப்பிட ஒரு தாராள மனசு வேண்டும். அதற்காகவே அவ்வப்போது அவளுக்கு அடை வார்த்துக் கொடுப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடையைப் பிட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாம்மா, உப்பு பத்தலையா?” என்றேன்.

“அடை சூப்பர் ஆன்ட்டி. வேலையிலதான் உப்பே இல்ல.”

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். கம்ப்யூட்டரை எழுப்பி உட்காரவைத்து வேலை வாங்குவதற்கு இயங்குதளம் என்று ஒன்று உண்டாம். இவள் வேலை பார்க்கும் இயங்குதளம் எந்த ஒரு கம்பெனிக்கும் தனிச் சொத்து இல்லை. உலகம் முழுக்க இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதி, எழுதியதை எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மாற்றி இன்னொருவருக்குக் கொடுத்தால் மாற்றியதையும் திறந்து வைக்க வேண்டும். இப்போது புதிதாக ஒரு செயலி வந்திருக்கிறது. செயலி என்றால் கம்ப்யூட்டரின் மூளை. அதன் அமைப்பே வேறு மாதிரி. அந்தப் பொதுச் சொத்தை இந்தப் புது மூளையில் ஓடவைப்பதுதான் இவள் குழுவின் வேலை.

“பழசை அப்படியே தூக்கிப் போட்டா ஓடாது ஆன்ட்டி.”

“ஓடாதும்மா. எங்களுக்கும் ஓடல.”

“உங்களுக்கா?”

“பெட்டி மாத்தினாங்களே, அப்போ.”

அன்றைக்குக் கொஞ்சம் சொன்னேன். “இதை அப்படியே எழுதிக் குடுங்க ஆன்ட்டி, எங்க டீம்ல எல்லாரும் படிக்கணும்” என்று பிடித்துக்கொண்டாள். எனக்குப் பேச வரும். எழுத நானாகக் கற்றுக்கொண்டதுதான். பேச்சு நடுநடுவே வந்து உட்கார்ந்துகொண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தாமல் பக்கம், ஏர் உழுகிற குடும்பம். எட்டாவது வரை படித்தேன். கட்டிக்கொடுத்து காஞ்சிபுரம் வந்தபோது தறி என்றால் சத்தம் போடுகிற மரச்சாமான் என்ற அளவுக்குத்தான் தெரியும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் டிசைன் ரூமில் அட்டை கோர்க்க ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். முதலில் அட்டை கோர்த்தேன், பிறகு அட்டை குத்தினேன், பிறகு தாள் படித்தேன். கன்னியம்மா என்ற என் பேர் ‘அட்டை கன்னியம்மா’ ஆனது. “நாத்து நட்ட கையி, அட்டையில கூட வரிசை தப்ப மாட்டேங்குது பாரு” என்று நெசவாளர்கள் கேலி செய்வார்கள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அறுபதுகளின் பின்பாதி இந்த ஒரு பத்தியில் முடிந்துவிட்டது.

நிவேதாவின் கூட்டாளிகளுக்காக ஒன்றை மட்டும் விளக்கிவிடுகிறேன். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். அதற்குள் வரிசை வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியிலிருந்தும் கயிறு இறங்கி, நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளைப் பிடித்திருக்கும். பெட்டியின் பக்கவாட்டில் ஓட்டை போட்ட அட்டைகள் சங்கிலியாகத் தொங்கும். நெசவாளி மிதியை மிதித்தால் ஒரு அட்டை பெட்டியில் வந்து அழுந்தும். ஓட்டை இருக்கிற இடத்துக் கொக்கி எழும்பும், இல்லாத இடத்துக் கொக்கி சும்மா இருக்கும். எழுந்த இழைகளுக்குக் கீழே ஜரிகை ஓடும். ஒரு ஓட்டத்துக்கு ஒரு அட்டை. ஒரு அன்னம் முழுசாக வர அட்டைகள் மூட்டை மூட்டையாக வேண்டும். பெட்டிக்கு அன்னமும் தெரியாது, ஆனையும் தெரியாது. அட்டை சொல்வதைச் செய்யும், அவ்வளவுதான்.

அட்டைக்கு மூலம் கட்டம் போட்ட தாள். புடவையின் நீளம்தான் தறியில் பாவின் நீளம். அதனால் கரையில் நிற்கும் அன்னம் தாளில் ஒருக்களித்துப் படுத்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். எனக்கு இன்றைக்கும் அன்னத்தை நிமிர்த்தி வரைந்தால் நோயாளி எழுந்து நிற்கிற மாதிரி இருக்கும்.

எங்கள் டிசைன் ரூமுக்கு எத்திராஜ் மாஸ்டர்தான் எல்லாம். ஒல்லியான மனிதர், எப்போதும் கையைப் பின்னால் கட்டியிருப்பார். அது மரியாதைக்காகவோ மிடுக்குக்காகவோ இல்லை. அடுத்தவர் போட்ட தாளில் தன் கை பட்டுவிடக் கூடாது என்பதற்காக. எங்கேயாவது இடறினால், ஜரிகை சுற்றும் தார்க்குச்சி ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அந்தக் கட்டத்தைத் தொட்டுக் காட்டுவார். “இங்க இன்னா சொல்ல வரே?” என்பார். தப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வாயைத் திறக்கும்போதே நமக்குத் தெரிந்துவிடும். போட்டவரேதான் அழிக்க வேண்டும், போட்டவரேதான் திருத்த வேண்டும். ஒருமுறை சங்கத் தலைவரே பேனாவை எடுத்து ஒரு மாங்காயைப் பெரிதாக்கப் போனார். மாஸ்டர் தாளை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “போட்டவரு சாயங்காலம் வருவாரு. உங்க ஆசையைச் சொல்லுங்க, அவரே பண்ணுவாரு” என்றார். தலைவர் பேனாவை மூடிக்கொண்டார்.

அந்த ரூமுக்கு ஒரு வழக்கம் உண்டு. தாள்கள் சங்கத்தில் எல்லாருக்கும் பொது. எந்த நெசவாளியும் வந்து கேட்டு அட்டை குத்திக்கொண்டு போகலாம். ஆனால் கொண்டுபோன டிசைனில் ஒரு இதழைக் கூட்டினாலும் ஒரு புள்ளியைக் குறைத்தாலும், மாற்றியதற்குத் தாள் போட்டுத் திரும்பக் கொண்டுவந்து வைக்க வேண்டும். மாஸ்டர் அந்தத் தாளின் மூலையில் மாற்றினவர் பேரைப் பொடி எழுத்தில் எழுதுவார். எங்கள் அன்னத் தாளின் மூலையில் பேர்கள் எறும்பு வரிசை மாதிரி போகும். ஒருவர் அலகில் தாமரைத் தண்டு கொடுத்திருந்தார், ஒருவர் கழுத்தை வளைத்திருந்தார், பச்சையப்பன் என்ற நெசவாளி வால் இறகை மூன்றாகப் பிரித்திருந்தார். “இந்த அன்னத்துக்குத் தகப்பன்மாரு ஜாஸ்தி” என்று ஹபீப் பாய் சிரிப்பார். அவர்தான் சங்கத்தின் பெட்டி ஃபிட்டர். பெட்டியைத் தறியில் ஏற்றுவது, கயிறு கட்டுவது, ரிப்பேர் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

தாளை அட்டையாக்குவதற்குப் படிப்பு என்று பேர். ஒருத்தர் தாளை வைத்துக்கொண்டு சத்தமாகப் படிப்பார். இன்னொருத்தர் பித்தளைத் தகட்டுக்கு நடுவே அட்டையைச் செருகி, குத்தூசியை வைத்துக் கொட்டாப்புளியால் அடிப்பார். “விடு மூணு, எடு ரெண்டு, விடு ஒண்ணு, எடு ரெண்டு, திரும்பு.” ‘எடு’ என்றால் ஓட்டை போடு, ‘விடு’ என்றால் சும்மா விடு. எங்கள் பழைய பெட்டிக்கு அட்டையில் ஒரு வரிசைக்கு எட்டு இடம், அதனால் எட்டுக்கு ஒரு ‘திரும்பு’. ஒரு கோடு முடிந்தால் ஒரு அட்டை முடிந்தது. படித்தவரும் குத்தினவரும் சரிபார்க்கக் கூடாது, மூன்றாவது ஆள்தான் பார்க்க வேண்டும். “உங்க கண்ணுக்கு நீங்க நெனைச்சதுதான் தெரியும், போட்டது தெரியாது” என்பார் மாஸ்டர். இதைக் கேட்டதும் நிவேதா, “இதைப் பிரின்ட் எடுத்து எங்க ஆபீஸ்ல ஒட்டணும் ஆன்ட்டி” என்றாள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் புதுப் பெட்டி வந்தது.

அகலக் கரைக்குக் கிராக்கி ஏறியிருந்த நேரம். பழைய பெட்டியில் அவ்வளவு கொக்கி கிடையாது. வெளியூர்க் கம்பெனி ஒன்றின் பெரிய பெட்டியைச் சங்கம் மாதிரிக்கு வாங்கியது. அட்டை அகலம் வேறு. வரிசைக்குப் பன்னிரண்டு இடம். பழைய அட்டையை அதன் பக்கத்தில்கூட வைக்க முடியாது. பெட்டியோடு கம்பெனிக்காரர் ஒருவரும் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, நல்ல பேச்சு.

“உங்க பழைய டிசைன் எதுவும் இதுல வராது சார்” என்றார் மாஸ்டரிடம். “அதைக் கட்டிக்கிட்டு ஏன் கஷ்டப்படணும்? நாங்களே ரெடியா அட்டை தர்றோம். மாட்ட வேண்டியது, ஓட்ட வேண்டியது.”

“அந்த டிசைன்ல எங்க ஆளு ஒரு பூ சேர்க்கணும்னு ஆசைப்பட்டா?”

“அது முடியாதுங்க. டிசைன் எங்களோடது. அட்டையை வேற யாருக்கும் காப்பி பண்ணித் தரவும் கூடாது. வேணும்னா ஒவ்வொரு தறிக்கும் தனித்தனியா வாங்கிக்கலாம்.”

அவர் பொய் சொல்லவில்லை, மிரட்டவும் இல்லை. அவர் ஊர் வழக்கத்தைச் சொன்னார். சங்கத் தலைவருக்கு அது பிடித்திருந்தது. ரூம் வேண்டாம், ஆள் வேண்டாம், தொல்லை இல்லை. பங்குனியில் நடக்கும் பொதுக்குழுவில் டிசைன் ரூமை மூடிவிட்டு, தாள்களைக் கட்டி மேலே போட்டுவிடலாம் என்று பேச்சு அடிபட்டது.

மாஸ்டர் தலைவரிடம் போனார். நானும் கூட இருந்தேன். “கூட்டம் வரைக்கும் டைம் குடுங்க. நம்ம அன்னம் புதுப் பெட்டியில நெய்ஞ்சி கூட்டத்து மேசை மேல வந்துதுன்னா ரூம் இருக்கட்டும். வரலைன்னா நானே சாவியக் குடுத்துடறேன்” என்றார்.

“வரலைன்னா பேச்சு மாற மாட்டியே?” என்றார் தலைவர்.

“நான் எப்பண்ணா மாறினேன்?”

தறி கொடுக்க யாரும் முன்வரவில்லை. பழைய பெட்டியை இறக்கி, கட்டியிருந்த கயிற்றையெல்லாம் அறுத்தால்தான் புதுப் பெட்டி ஏறும். ஓடவில்லை என்றால் தறி வாரக்கணக்கில் முடங்கிப்போகும். பச்சையப்பன்தான் வந்தார். முரட்டு மனிதர், மூக்கின் மேல் கோபம்.

“என் தறிய எடுத்துக்கோங்க மாஸ்டர். அந்த வாலு நான் போட்டது. என் அன்னத்துக்கு நானே வாடகை குடுக்கணுமா? இன்னாய்யா நியாயம் இது?”

அவர் மனைவி செல்லம்மா எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு ஊடை என்கிற குறுக்கிழையை ஓட்டும் நாடாவைத் தள்ளுகிறவர். அவருக்கு வேறு கவலை. “அது இருக்கிற ஒசரத்துக்கு எங்க வூட்டுக் கூரை இன்னாத்துக்கு ஆவும்?” என்றார். சொன்னது சரிதான். பெட்டி விட்டத்தில் இடித்தது. ஹபீப் பாய் அந்த இடத்துக் கூரை ஓடுகளை மட்டும் பிரித்து, மேலே தகரம் வேய்ந்து, பெட்டிக்குத் தனி மண்டபம் கட்டிக் கொடுத்தார். “பாயி, எங்க வூட்ல கோபுரம் எழுப்பிட்டாரு” என்று செல்லம்மா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

புதுப் பெட்டி ஏறினால் முதலில் ருத்ராட்சக் கரைதான் ஓட்ட வேண்டும். இது எங்கள் நெசவாளர் வழக்கம். உருண்டை உருண்டையாக மணி, நடுவில் ஒரு கோடு. சிவன் பேரைச் சொல்லித் தொடங்குகிற மாதிரி. வேறு எதை முதலில் போட்டாலும் தறி கோபித்துக்கொள்ளும் என்பார்கள். ஆகவே முதலில் ருத்ராட்சத் தாளைப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் படித்து அட்டை குத்தினோம். எட்டுக்கு ‘திரும்பு’ சொல்லிப் பழகிய நாக்கு பன்னிரண்டு வரை தாங்காது. நான் ஒரு மூங்கில் மட்டையில் பன்னிரண்டு வெட்டு வெட்டி, தாளின் மேல் வைத்து நகர்த்தி நகர்த்திப் படித்தேன். மாஸ்டர் மட்டையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அது அவரிடம் பெரிய பரிசு.

ருத்ராட்சம் ஓடியது. கட்டம் பிசகாமல் மணி மணியாக வந்தது. பச்சையப்பன் வீட்டில் சுண்டல் கொடுத்தார்கள். கம்பெனிக்காரரும் வந்திருந்தார். சுண்டலைத் தின்றுகொண்டே, “நிஜமாவே நான் எதிர்பார்க்கல சார்” என்றார். எங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தத் தைரியத்தில் அன்னத்தைத் தொட்டோம். தாள் பெரிது, அட்டையும் ஏராளம். ரூமில் இருந்த பெண்கள் எல்லாரும் முறை வைத்துப் படித்தோம், குத்தினோம், கோர்த்தோம், மூன்றாவது ஆளைக்கொண்டு சரிபார்த்தோம். கூட்டத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான் என்கிற நிலையில் அட்டைச் சங்கிலியை ஹபீப் பாய் தோளில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு போய் மாட்டினார்.

பச்சையப்பன் நெய்ய நெய்ய நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். அலகு வந்தது. மார்பு வந்தது. செல்லம்மாதான் முதலில் நாடாவை நிறுத்தினார்.

“இன்னாங்க இது? கழுத்து ஏன் என் பக்கம் வருது?”

கரையில் அன்னம் நிற்கும்போது கால் புடவையின் ஓரத்தைப் பார்த்து இருக்கும், தலை புடவையின் நடுப்பகுதியைப் பார்த்து இருக்கும். இங்கே தலை ஓரத்துக்குப் போயிருந்தது. இன்னும் கொஞ்சம் நெய்தார். கால் இரண்டும் மேலே வந்தன. மறு கரையிலும் அதே கோலம். அவ்வளவு அழகான அன்னம், அலகில் தாமரைத் தண்டு, மூன்று இறகு வால், எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் அன்னம் தலைகீழாக நீந்தியது.

பச்சையப்பன் மிதி இருக்கும் தறிக் குழியிலிருந்து எழுந்து ஹபீப் பாயைப் பார்த்தார். “பாய், இது அன்னமா, வவ்வாலா?”

சிரித்துவிட்டோம்.

ஹபீப் பாய் ஏணியில் ஏறிப் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இறங்கி வந்து சொன்னார். பழைய பெட்டியில் அட்டைச் சங்கிலி நெசவாளி பக்கம் தொங்கும். இதில் மறுபக்கம் தொங்குகிறது. அட்டையின் முகம் திரும்பிவிட்டதால், முதல் ஓட்டை முதல் கொக்கிக்குப் போகாமல் கடைசிக் கொக்கிக்குப் போகிறது. எட்டு பன்னிரண்டானதையே பார்த்துக்கொண்டிருந்தோம். எந்த முனையில் தொடங்குகிறது என்று யாரும் யோசிக்கவில்லை.

“அப்போ ருத்ராட்சம் மட்டும் எப்படிப்பா ஒழுங்கா வந்துச்சு?” என்றார் செல்லம்மா.

மாஸ்டர்தான் பதில் சொன்னார். “ருத்ராட்சத்துக்கு ஏதுமா தலை, காலு? எந்தப் பக்கத்துலருந்து படிச்சாலும் அது மணிதான்.”

சாமி பேரைச் சொல்லித் தொடங்கிய அந்த வழக்கமே எங்கள் கண்ணைக் கட்டியிருந்தது. தலையும் காலும் உள்ள எதையாவது முதலில் போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அதன் பிறகு நடந்த பேச்சை நான் மறக்கவே மாட்டேன். மாஸ்டர் எல்லாரையும் உட்காரவைத்து, அட்டை கோர்க்கும் பெண்கள் உட்பட ஒவ்வொருவரையும் கேட்டார்.

ஒரு பெண், “அட்டைச் சங்கிலிய முன்பின்னா பொரட்டிப் போட்டா?” என்றாள். முடியாது. பெட்டியின் முளையில் உட்காரும் ஓட்டை அட்டையில் ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கும். புரட்டினால் உட்காராது.

பச்சையப்பன், “கயித்த அறுத்துட்டு மாத்திக் கட்டுங்க பாய். நானும் கூட நிக்கறேன். கூட்டத்துக்குள்ள முடிச்சுடலாம்” என்றார்.

ஹபீப் பாய் தாடியைத் தடவினார். “கட்டிடலாம் பச்சையப்பா. உன் தறிக்கு சரியாவும். நாளைக்கி இன்னொரு தறிக்கு வேற ஆளு வந்து நேரா கட்டுவான். உன் அட்டை அவனுக்கு ஆவாது, அவன் அட்டை உனக்கு ஆவாது. தறிக்குத் தறி ஒரு பாஷை பேசும்.”

அடுத்து நான் வாயைத் திறந்தேன். “அன்னத் தாளையே தலைகீழா இன்னொண்ணு போட்டுடலாமே மாஸ்டர்? பழைய பெட்டிக்கு ஒரு தாளு, புதுப் பெட்டிக்கு ஒரு தாளு.”

மாஸ்டர் கோபப்படவில்லை. தார்க்குச்சியை எடுத்து, தாளின் மூலையில் இருந்த எறும்பு வரிசைப் பேர்களைத் தொட்டார். “நாளைக்கி ஒருத்தன் வந்து கண்ணுக்கு மை தீட்டறான்னு வெச்சுக்கோ. எந்த அன்னத்துக்குத் தீட்டுவான்?”

“அவன் பெட்டி எதுவோ அதுக்கு.”

“அப்போ இன்னொரு அன்னம்?”

நான் அந்த எறும்பு வரிசையைத் திரும்பப் பார்த்தேன்.

“ரெண்டு வருஷம் போனா ரெண்டும் வேற வேற பறவையா நிக்கும் கன்னியம்மா. ஒருத்தன் சேர்த்தது இன்னொருத்தனுக்குப் போவாது. அப்புறம் இது பொதுச் சொத்தா?” தாளை நிமிர்த்தி வைத்தார். “தாளு இன்னா பண்ணுச்சு? அது மேல கை வைக்காதீங்க. படிக்கிற பக்கத்த மாத்துங்க.”

அவ்வளவுதான். ஒவ்வொரு கோட்டையும் இடது முனையிலிருந்து படித்தோம் அல்லவா, புதுப் பெட்டிக்கு மட்டும் வலது முனையிலிருந்து படிக்க வேண்டும். தாள் ஒன்றுதான், படிப்புதான் இரண்டு.

சொல்வது சுலபம். நான் மட்டையைத் தாளின் வலது ஓரத்தில் வைத்துப் படிக்கத் தொடங்கினேன். நாக்கு தடுக்கியது. கண் தன்னால் இடது பக்கம் ஓடிப்போய் நிற்கும். இரண்டு கோடு தாண்டவில்லை, குத்துகிறவள் கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டு, “அக்கா, நீ படிக்கிறியா, மந்திரம் ஓதறியா?” என்றாள். மாறி மாறி எல்லாரும் முயன்றோம். அட்டைகள் வீணானதுதான் மிச்சம். கூட்டமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

மூலையில் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்த ஹபீப் பாய் எழுந்து வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து மட்டையை வாங்கிக்கொண்டார்.

“விடு அஞ்சு, எடு மூணு, விடு ரெண்டு, எடு ரெண்டு, திரும்பு.”

தண்ணீர் ஓடுகிற மாதிரி போனார். ஒரு கோடு, அடுத்த கோடு, அதற்கடுத்தது. தடுக்கவே இல்லை. ஒரு ராகம்கூடக் கூடவே வந்தது. நாங்கள் வாயைப் பிளந்தோம்.

“பாய், எங்க கத்துக்கினீங்க இத?”

“எங்க கத்துக்கினேன்? சின்ன வயசுல உருது படிச்ச பக்கம் இதுதான்மா. நான் இடதுலருந்து படிக்கத்தான் ரொம்ப நாளு கஷ்டப்பட்டேன்.”

மாஸ்டர் கையைப் பின்னாலிருந்து எடுத்தார். ஹபீப் பாயின் தோளில் வைத்தார். அவர் யாரையாவது தொட்டு நான் பார்த்தது அப்போதுதான்.

அன்றிலிருந்து ஹபீப் பாய் படித்தார், நான் குத்தினேன், மற்றவர்கள் கோர்த்தார்கள். பத்துப் பேர் படித்தாலும் வராத வேகம் அவர் ஒருவரிடம் வந்தது. அங்கே பச்சையப்பனும் செல்லம்மாவும் தலைகீழ் அன்னங்களை ஊடை ஊடையாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நெய்வதைவிடப் பிரிப்பது கஷ்டம். பட்டு அறுந்துவிடக் கூடாது, ஜரிகை நலுங்கிவிடக் கூடாது. “ஒண்ணொண்ணா தண்ணிக்குள்ள முழுகுது மாஸ்டர், பார்க்கவே ஒரு மாதிரி இருக்குது” என்றார் செல்லம்மா. பச்சையப்பன் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. மூக்கின் மேலிருந்த கோபம் எங்கே போனதோ தெரியவில்லை.

புது அட்டை மாட்டிய அன்று யாரும் சுண்டல் வாங்கவில்லை. அலகு வந்தது. மார்பு வந்தது. செல்லம்மா குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, “என் பக்கம் காலுதான் இருக்குது” என்றார். பச்சையப்பன் குழிக்குள் உட்கார்ந்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தூசு” என்றார். “ஆமா, பெரிய தூசு” என்றார் செல்லம்மா.

பொதுக்குழுவில் மேசைமேல் இரண்டு துணிகள் விரிக்கப்பட்டன. ஒன்று பழைய பெட்டியில் நெய்தது, ஒன்று புதியதில் நெய்தது. மாஸ்டர் நடுவில் அந்த ஒரே தாளை வைத்தார். தலைவர் இரண்டு துணியையும் தடவிப் பார்த்தார். கம்பெனிக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெருங்கிக் குனிந்து பார்த்தார்.

“டிசைன்ல என்ன மாத்தினீங்க?” என்றார்.

“ஒண்ணும் மாத்தல” என்றார் மாஸ்டர்.

தலைவர் சிறிது நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு, “சாவி உன்கிட்டயே இருக்கட்டும்” என்றார்.

பச்சையப்பன் அத்தோடு விடவில்லை. கூட்டத்திலேயே எழுந்து, “அன்னத் தாளு மூலையில பாய் பேரையும் எழுதணும்” என்று பிடிவாதம் பிடித்தார். மாஸ்டருக்குச் சங்கடம். தாளில் மாற்றினவர் பேர்தான் தாளில் ஏறும். ஹபீப் பாய் தாளில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. வழக்கத்தை மாஸ்டரே மீறலாமா? மறுநாள் காலையில் ரூமுக்குப் போனால், என் மூங்கில் மட்டை சுவரில் ஆணியில் தொங்கியது. வலது முனையில் சிவப்பு மையால் ஒரு கோடு, தொடங்க வேண்டிய இடம். அதன் அருகே மாஸ்டரின் பொடி எழுத்தில் ஹபீப் பாயின் பேர். கீழே, வெட்டு வெட்டினவள் என்று என் பேர். நான் வேலையை விட்டு வரும்வரை அந்த மட்டை அங்கேதான் இருந்தது. அதைப் பார்த்தே நாங்கள் எல்லாரும் வலமிருந்து படிக்கப் பழகினோம். ஆனால் ஹபீப் பாயின் ராகம் மட்டும் எங்களுக்கு வரவே இல்லை.

வழக்கத்தில் மாஸ்டர் ஒரே ஒரு வரியைச் சேர்த்தார். எந்தப் புதுப் பெட்டி ஏறினாலும் முதலில் ருத்ராட்சம், உடனே அடுத்தது ஒற்றை அன்னம். “மொதல்ல சாமிக்கு. அடுத்தது நமக்கு” என்பார். அப்புறம்தான் சுண்டல்.

இதை எழுதி நிவேதாவிடம் கொடுத்த சில நாட்களில் அவள் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். “ஆன்ட்டி, ஓடிடுச்சு! புது செயலியில எழுந்து உட்கார்ந்து வணக்கம் சொல்லிடுச்சு!”

“சந்தோஷம்மா. அன்னம் விட்டீங்களா?”

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. இதுவரை சோதித்த எண்கள் எல்லாம் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி இருப்பவை என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தாளாம். அடையைக்கூட வாங்காமல் போய்விட்டாள்.

ஒரு வாரம் ஆளைக் காணவில்லை. பிறகு ஒரு காலையில் பஸ்ஸுக்கு ஓடுகிற ஓட்டத்தில் எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றாள்.

“அன்னம் தலைகீழாதான் நின்னுச்சு ஆன்ட்டி. அந்த செயலி எண்களை மறுமுனையிலருந்து படிக்குது. இப்போ நிமிர்ந்துடுச்சு.”

“தாள் மேல கை வெச்சீங்களா?”

“இல்ல ஆன்ட்டி. படிக்கிற பக்கத்தைத்தான் மாத்தினோம்.”

பஸ் ஹாரன் அடித்தது. ஓடினாள்.